காலையில் எஞ்சின் மிஸ் அடிக்கிறது, கூலன்ட்டும் குறைகிறது. ஹெட் கேஸ்கெட்தானா என்று எப்படி உறுதி செய்வது?

நீங்கள் கேட்டது இது: 2009ல் பதிவான 1.6 லிட்டர் பெட்ரோல் கார், சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) 2029 வரை புதுப்பித்தாயிற்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் எஞ்சின் மிஸ் அடித்து (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல்) நடுங்குகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, பிழைக் குறியீடு பி0302. வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, ஆனால் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிறுத்தும் இடத்தில் கறை எதுவும் இல்லை. வொர்க்ஷாப்பில் பார்த்தவுடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு, டாப் ஓவர்ஹால் பண்ணணும்" என்கிறார்கள். எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்; டாப் ஓவர்ஹால் என்றால் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் பெரிய வேலை.

அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆனாலும் சோதனை எதுவும் செய்யாமல் ஹெட்டைத் திறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பதினாறு, பதினேழு வயதான காரில் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) ஒரு பக்கம் கெட்டிருக்கும், ரேடியேட்டர் இன்னொரு பக்கம் கசிந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரே நோயா, ஒரே நேரத்தில் வந்த இரண்டு நோயா என்று பிரித்தறிவதுதான் இங்கே முதல் வேலை. அதற்கான சோதனைகளுக்கு ஆகும் செலவு ஹெட்டைக் கழற்றும் கூலியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

முதலில் பாதுகாப்பு. முடிவு தெரியும்வரை தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 1.1 பார் மூடி போட்ட ரேடியேட்டருக்குள் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் பாயும். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அதற்கு அர்த்தம். உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிப்போகும். பிஐஇ, சிடிஇ போன்ற விரைவுச்சாலைகளில் வெப்பமானி நடுக்கோட்டைத் தாண்டினால் "வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டரே போதும். விரைவுச்சாலையில் நின்றுபோன வண்டியை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இழுத்துச் செல்லும் சேவையை நிலப் போக்குவரத்து ஆணையம் இலவசமாகத் தருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி நோயைப் பார்ப்போம். மிஸ் எப்போது அடிக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போதோ, விரைவுச்சாலையில் சேர வேகமெடுக்கும்போதோ அடித்தால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள். சுமை ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், தீப்பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், தளர்ந்த காயில் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஏசி போட்டு டி கியரில் சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங் அதிர்ந்தால் அது மிஸ்ஸே இல்லாமல் இருக்கலாம். எஞ்சின் மவுன்ட் ரப்பர் உட்கார்ந்துபோயிருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் முதல் முப்பது வினாடி, ஒரு நிமிடம் மட்டும் ஒரே சிலிண்டரில் அடித்து, பிறகு சுத்தமாக ஓடினால், ராத்திரி அந்தச் சிலிண்டருக்குள் ஏதோ இறங்கியிருக்கிறது. கூலன்ட்டும் குறைகிறது என்றால் அந்த ஏதோ என்ன என்று ஊகிப்பது கடினமில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகும் கூலிங் சிஸ்டத்தில் அழுத்தம் சில மணி நேரம் நிற்கும். சிலிண்டரிலோ அழுத்தம் இல்லை. கேஸ்கெட்டில் மயிரிழை அளவு வழி இருந்தால் போதும், கூலன்ட் மெல்ல இறங்கி பிஸ்டன் தலையில் தேங்கும்.

"புகைக்குழாயில் வெள்ளைப் புகையே இல்லையே" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் அந்த நிம்மதிக்கு இடமில்லை என்று தெரியும். வாரத்துக்கு 300 கிலோமீட்டர் ஓட்டி 500 மில்லி குறைந்தால், கிலோமீட்டருக்கு 2 மில்லிகூட இல்லை. நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் கிலோமீட்டருக்கு 80 மில்லி பெட்ரோலை எரிக்கிறது. பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் ஆவியாக வெளியேறும். அந்த 80 மில்லியில் கூடுதலாக 2 மில்லி கலந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? தெரிவதென்றால் தேங்கியது ஒரே மூச்சில் வெளியேறும் காலை முதல் நிமிடத்தில்தான் தெரியும். அந்த நேரத்தில் பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். குளிர்நாட்டு வீடியோக்களில் காலை வெள்ளைப் புகையை இயல்பு என்பார்கள். அங்கே அது சரி. இங்கே விடியற்காலையே 25, 26 டிகிரி. குழாய் நுனியில் நாலு சொட்டு தண்ணீர் இயல்பு. இனிப்பு வாசனையோடு காற்றில் தொங்கும் கனத்த வெள்ளைப் புகை இயல்பல்ல.

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு, கைவிரல்கள் போதும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். எட்டு மணி நேரம் ஆறிய எஞ்சினில் அது தளர்ந்து, விரலுக்கு எளிதாக அமுங்க வேண்டும். இறுகிப்போய், மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று வந்தால், அது கொதித்ததால் வந்த அழுத்தம் அல்ல. ஆறினால் அது போயிருக்கும். எஞ்சின் சிலிண்டரிலிருந்து வந்த எரிந்த வாயு உள்ளே அடைபட்டிருக்கிறது. பிறகு ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் மறுபடி தொட்டுப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகாத நேரத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம் மிக வலுவானது.

இதே நேரத்தில் ரேடியேட்டரையும், உபரி கூலன்ட் நிற்கும் பக்கத்து பாட்டிலையும் தனித்தனியே பாருங்கள். பாட்டிலை மட்டும் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பாட்டில் நிறைந்திருக்க ரேடியேட்டர் குறைந்திருந்தால், சூட்டில் வெளியே தள்ளிய கூலன்ட் ஆறும்போது திரும்பி வரவில்லை. மூடியின் நடுவில் இருக்கும் சிறிய வால்வோ அடி ரப்பரோ கெட்டிருக்கலாம், பாட்டிலுக்குப் போகும் மெல்லிய ஹோஸில் ஓட்டை இருக்கலாம், அல்லது உள்ளே வரும் எரிந்த வாயு கூலன்ட்டைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். மூடி மலிவான பாகம்; அசல் அழுத்த அளவிலேயே புதிதாக வாங்கிப் போட்டுவிடுங்கள், ஒரு கேள்வி குறையும்.

இப்போது பி0302. இரண்டாம் சிலிண்டரில் மிஸ் என்பதைத் தவிர இது வேறெதுவும் சொல்லவில்லை. இரண்டாம் காயிலைக் கழற்றி நாலாவதில் போட்டு, நாலாவதை இங்கே போடுங்கள். ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு இரண்டு மூன்று காலை ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0304 (நாலாம் சிலிண்டரில் மிஸ்) ஆனால் காயில் குற்றவாளி, கதை அங்கே முடிந்தது. பி0302ஆகவே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றும்போது நான்கையும் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு துணிமேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நலமான பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நுனி இளம் பழுப்பாக இருக்கும். கூலன்ட் குடிக்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்று வெளுத்திருக்கும், அல்லது ஓரத்தில் பச்சையோ இளஞ்சிவப்போ படிந்திருக்கும். பிளக் குழியில் எண்ணெய் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது. அந்த எண்ணெயில் ஊறிய காயில் ரப்பர் உப்பி, மின்சாரம் பக்கவாட்டில் கசிந்து அதுவே மிஸ் ஆகும். இரிடியம் பிளக் என்றால் ஏறக்குறைய 1,00,000 கிலோமீட்டர் ஆயுள். திரும்ப மாட்டும்போது கையால் முழுக்கத் திருகிவிட்டு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள். பல ஜப்பானிய 1.6 எஞ்சின்களில் 18 முதல் 25 நியூட்டன் மீட்டர். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே கழற்ற வேண்டும், இல்லையென்றால் அலுமினியத் திரெட் பிளக்கோடு உரிந்து வரும்.

இன்ஜெக்டரும் விலக்கப்பட வேண்டும். சாதாரண போர்ட் இன்ஜெக்டர் என்றால் மல்டிமீட்டரில் 12 முதல் 16 ஓம்ஸ் காட்ட வேண்டும். ஸ்கேனரில் நீண்டகால ஃபியூவல் ட்ரிம்மை (எஞ்சின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள்: ஐட்லிங்கில் +10 சதவீதத்துக்கு மேல் போய் 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ வெளிக்காற்று உறிஞ்சுகிறது, வேகம் கூடக் கூட ஏறினால் எரிபொருள் பம்ப், ஃபில்டர் அல்லது காற்று அளவி. ஒரு எச்சரிக்கை: எரிந்த கூலன்ட் ஆக்சிஜன் சென்சாரில் படிந்து அதன் கணக்கையே கெடுக்கும். எனவே கூலன்ட் குடிக்கும் எஞ்சினில் ட்ரிம் எண்களை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம்.

கூலன்ட் வெளியே கசிந்தும் தரையில் சொட்டாமல் போகும், இதை மறக்கக் கூடாது. கொதிக்கும் எஞ்சின் பிளாக்மேல் விழும் துளி தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். மிஞ்சுவது உலர்ந்த பொடிக் கறைதான், கூலன்ட்டின் நிறத்தில், இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ. டார்ச் எடுத்து வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை, ரேடியேட்டரின் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பு, தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடேறும்வரை ஓட்டத்தை அடைத்து வைக்கும் வால்வு) உறை, எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி பைபாஸ் ஹோஸ் இவற்றைத் தேடுங்கள். பத்து வருடம் தாண்டிய கார்களில் அந்தப் பிளாஸ்டிக் மடிப்புதான் அதிகம் கசியும். மாறாக, காருக்கடியில் பயணி பக்கம் நிறமும் வாசனையும் இல்லாமல் குளம் கட்டுவது ஏசி தண்ணீர். நம் ஊர் ஈரப்பதத்தில் அது நிறையவே வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஹீட்டர் உள்ள காரில் உள்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது. ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கூலர் இருக்கும் ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் ஆயிலையும் பாருங்கள். அது ரோஸ் சிரப் பால்போல் கலங்கியிருந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது, கியர்பாக்ஸ் போய்விடும்.

வொர்க்ஷாப்பில் கேட்க வேண்டிய முதல் சோதனை பிரஷர் டெஸ்ட். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுவரை ஏற்ற வேண்டும், 1.1 பார் என்றால் சுமார் 16 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ரேடியேட்டரும் பிளந்துவிடும். பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் பலர் "நல்லாயிருக்கு" என்று கழற்றிவிடுவார்கள். உங்கள் பிரச்சினைக்கு அது போதாது. சாயங்காலம் காரை விட்டுவிட்டு, அழுத்தத்தை ராத்திரி முழுக்க ஏற்றியே வைக்கச் சொல்லுங்கள். காலையில் நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் கனெக்டர்களைப் பிரித்து, எரிபொருள் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பிளக் துளைக்கு நேராக யாரும் குனியக் கூடாது. இரண்டாம் துளையிலிருந்து கூலன்ட் பீய்ச்சினால் வேறு சாட்சி தேவையில்லை. சுழற்றும் முன் மெல்லிய கேமராவை அந்தத் துளையில் விட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது: மற்ற பிஸ்டன்கள் கரி படிந்து கறுத்திருக்க, ஒன்று மட்டும் ஓரத்தில் கழுவிவிட்டதுபோல் மின்னும்.

இதோடு சேர்ந்த ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 1.6 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 400 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 10.5 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 42 மில்லிதான். அதற்குமேல் கூலன்ட் தேங்கினால் பிஸ்டன் ஏற வழியில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். காலையில் ஸ்டார்ட்டர் "டக்" என்று முட்டி நின்றால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுழற்ற வேண்டும்.

அடுத்தது பிளாக் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாயை வைத்து, எஞ்சின் சூடாகி ஓடும்போது மேலே தேங்கும் காற்றை அதன் வழியே உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினில் நீலம் மஞ்சளாகும். முன்கூட்டியே கூலன்ட்டை ஐந்து சென்டிமீட்டர் அளவு குறைத்துவிட வேண்டும், திரவத்துக்குள் கூலன்ட் ஏறினால் சோதனை வீண். கருவி இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம், அதனால் கார் நிறுத்துமிடத்தில் செய்யாமல் வொர்க்ஷாப்பிலேயே செய்யச் சொல்லுங்கள். மஞ்சளானால் நம்பலாம். நீலமாகவே நின்றால் கேஸ்கெட் நலம் என்று முடிவு கட்டக் கூடாது. ஆறும்போது மட்டும் திறந்து, சூட்டில் அடைத்துக்கொள்ளும் கசிவை இந்தச் சோதனை தவறவிடும். உங்கள் அறிகுறி அந்த வகையாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு, அதனால்தான் ராத்திரி பிரஷர் டெஸ்ட்டை முதலில் சொன்னேன்.

கம்ப்ரஷன் டெஸ்ட்டில் நான்கு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஐந்தாறு சுற்று. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது. கூலன்ட் மட்டும் கசியும் சிறு ஓட்டையில் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டக்கூடும். அப்போது லீக்டவுன் டெஸ்ட் செய்ய வேண்டும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வால்வுகள் மூடிய நிலையில் காற்றை ஏற்றினால் ரேடியேட்டரில் குமிழி வரும்.

எண்ணெய் மூடிக்கு அடியில் பால்நிறப் பிசுக்கு இருப்பதை வைத்து மட்டும் யாராவது தீர்ப்பு சொன்னால் ஏற்காதீர்கள். குட்டிக் குட்டிப் பயணம் மட்டும் போகும் காரில் ஈரம் கலந்தும் அது வரும். டிப்ஸ்டிக்கிலும், வடித்த எண்ணெயிலும் கலங்கல் இருந்தால்தான் கணக்கு.

மாடலைப் பொறுத்தும் சில தெரிந்த நோய்கள் உண்டு. 2006 முதல் 2009 வரையிலான ஹோண்டா சிவிக் 1.8ல் எஞ்சின் பிளாக்கிலேயே விரிசல் விழுந்து கூலன்ட் கசிவதுண்டு. அமெரிக்காவில் ஹோண்டா அதற்காக வாரன்ட்டியைப் பத்து வருடமாக நீட்டித்தது. கேமரி, எஸ்டிமாவில் வந்த டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினில் ஹெட் போல்ட்டின் திரெட் பிளாக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு, எஞ்சினின் பின்பக்கம் கசியும். இந்த இரண்டிலும் வெறும் கேஸ்கெட் மாற்றுவது காசைக் கரியாக்குவது. முன்னதற்கு வேறு பிளாக், பின்னதற்குத் திரெட் இன்செர்ட் (பிடுங்கிய திரெட்டுக்குப் பதில் செருகும் உலோகப் புரி) வேண்டும்.

வெப்பமானி முள்ளை நம்பி நிம்மதியாக இருக்க வேண்டாம். பல கார்களில் 75லிருந்து 105 டிகிரிவரை முள் ஒரே இடத்தில் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். கார் கணினியின் எண்களைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி கருவியை மாட்டி உண்மையான டிகிரியைப் பாருங்கள். கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், எஞ்சின் வேகும்போதும் குறைவாகவே காட்டும். இன்னொன்று: வெப்ப நாடுதானே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். எஞ்சின் சூடேறாமல் அதிகப் பெட்ரோல் குடிக்கும், பிளக் கரி பிடிக்கும், பி0128 (எஞ்சின் போதிய சூடேறவில்லை என்ற குறியீடு) எரியும், மிஸ்ஸுக்குப் புதிய காரணம் ஒன்று சேரும். பாட்டிலில் வரும் கசிவடைப்பானும் வேண்டாம். அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

சோதனைகள் ஹெட் கேஸ்கெட்டையே உறுதி செய்தால், விலை கேட்கும்போதே இவற்றையும் எழுதி வாங்குங்கள்: ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி விரிசல் சோதனை, நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து மட்டம் பார்ப்பது, வளைந்திருந்தால் இழைப்பது, பிளாக்கின் மேல்முகத்தையும் அதேபோல் பார்ப்பது. பல எஞ்சின்களுக்கு வளைவு வரம்பு 0.05 மில்லிமீட்டர்தான். நீண்டு இறுகும் வகை ஹெட் போல்ட் என்றால் புதியது கட்டாயம். பழையதை மறுபடி இறுக்கினால் பிடிமானம் கிடைக்காது. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் அதே கூலிக்குள் முடியும். எண்ணெயை உடனே ஒருமுறை, 500 கிலோமீட்டரில் மறுமுறை மாற்றச் சொல்லுங்கள்.

செய்வதா, விடுவதா என்ற கணக்கு சிஓஇயில் இருக்கிறது. புதுப்பித்த காருக்குப் பார்ஃப் (பதிவை நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் பதிவு வரிப் பங்கு) கிடையாது. பதிவை நீக்கினால் மிஞ்சிய மாதங்களுக்கான சிஓஇ பங்கும் பழைய இரும்பு விலையும்தான் கைக்கு வரும். செலவை மிஞ்சிய மாதங்களால் வகுத்துப் பாருங்கள். ஹெட்டில் விரிசல் இல்லை என்று மெஷின் ஷாப் சொன்னால் செய்துவிடலாம் என்பதே என் கருத்து. விரிசல் இருந்தாலோ பிளாக்கும் கெட்டிருந்தாலோ நிறுத்திவிட்டு இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள்.

எந்தப் பழுது செய்தாலும் கடைசியில் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். கார் கையேட்டில் சொன்ன வகை கூலன்ட்டையே ஊற்றுங்கள், பச்சையையும் சிவப்பையும் கலக்காதீர்கள். நேரடியாக ஊற்றும் வகை இல்லையென்றால் தாது நீக்கிய நீரோடு சரிபாதி. இங்கே உறைபனி இல்லையே என்று குழாய்த் தண்ணீர் ஊற்றினால் கொதிநிலையும் துருப்பாதுகாப்பும் போய்விடும். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழியை எடுத்து, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு, ஆறிய பிறகு அளவைச் சரி செய்யுங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில் ரேடியேட்டரிலும் பாட்டிலிலும் அளவு பார்த்து, பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். வடித்த பழைய கூலன்ட்டை வடிகாலில் ஊற்றாதீர்கள், அது நீர்த்தேக்கத்துக்குப் போகும் வழி. திறந்த தட்டிலும் வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், புளோக்கடிப் பூனை ஒன்று நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துவிடும். மூடியுள்ள பாட்டிலில் அடைத்து வொர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.